தமயந்திக்கு வந்த வாழ்த்துகள்

மே 26, ஞாயிறு

இந்த டைரியில் நான் எழுதப்போகும் கதையை ஈரேழு பதினாலு லோகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை. இதைத் திண்டுக்கல் பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி மேல் கைவைத்துச் சத்தியம் செய்து சொல்கிறேன். அது சாதாரண ஒலிபெருக்கி அல்ல. "வத்தலக்குண்டு வழி பெரியகுளம்" என்று அதில் நான் ஒரு தடவை சொன்னால், தேனியில் தூங்கிக்கொண்டிருந்தவன் எழுந்து பையைத் தேடுவான். ஒருமுறை இருமல் வந்து ஊர்ப் பெயரைப் பாதியில் நிறுத்திவிட்டேன். புறப்பட்டுப் போன பஸ், மீதிப் பெயரைக் கேட்பதற்காகத் திரும்பி வந்து நின்றது.

அப்பேர்ப்பட்ட டைம்கீப்பர் அழகுமலையாகிய நான் ஓய்வுபெற்று, பஸ்களெல்லாம் அநாதையாகத் திரியும் இக்காலத்தில், இன்று எனக்குப் புதுப்பதவி வந்திருக்கிறது. கொடுத்தவள் அக்கா மகள் சிவரஞ்சனி. கோயம்புத்தூரிலிருந்து போன்.

"மாமா, நெட்டுல குடும்ப மரம் போடுறதுக்கு ஒரு சைட்டு இருக்கு. நான் ஆரம்பிச்சுட்டேன். எனக்கு அம்மா பேரு, அப்பா பேரு, அதுக்கு மேல ரெண்டு பேரு. அவ்வளவுதான் தெரியுது. மிச்சத்த நீங்கதான் போடணும்."

"தலைமைப் பொறுப்பா?"

"தலைமைப் பொறுப்புதான்."

"கார் உண்டா?"

"மாமா."

அத்தானைத் தொடர்ந்து அக்காவும் போன பங்குனியில் போய்ச் சேர்ந்தாள். ரஞ்சியின் மாமனார், மாமியார் இருவரையும் அதற்கு முன்பே கொரோனா அடுத்தடுத்துக் கொண்டுபோய்விட்டது. ரஞ்சிக்கு இப்போது மூன்றாவது மாதம். "பொறக்கப்போறதுக்கு யாரு யாருன்னு சொல்லணும்ல மாமா. இனிமே கேக்கணும்னா உங்களையும் அத்தையையும் விட்டா எனக்கு ஆளு இல்ல" என்றாள்.

போனை வைத்ததும் சொர்ணம் அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அந்தப் பிள்ளைக்கிட்டயாவது புளுகாம எழுதுங்க."

மனைவி என்றாலும் இவளுக்கு என் புகழ் மேல் ஒரு பொறாமை.

மே 28, செவ்வாய்

வேலையைத் தொடங்கினேன். முதலில் உங்களிடமிருந்து தொடங்குங்கள் என்கிறது அந்தத் தளம். நல்ல தளம். எனக்கும் அதுதான் வழக்கம்.

குடும்பப் பெயர் என்ன என்று கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர், இருப்பது ஒரு இனிஷியல். விடமாட்டேன் என்று கட்டம் சிவப்பாகிவிட்டது. சரி என்று "பேருந்துநிலையம்" என்று போட்டேன். ஏற்றுக்கொண்டது. அழகுமலை பேருந்துநிலையம். கேட்க கம்பீரமாகத்தான் இருக்கிறது.

பூட்டனாருக்குத் தொழில் என்ன என்று கேட்டது. சிறுமலையில் புலிகளுக்கு வழி சொல்லி அனுப்புபவர் என்று எழுதினேன். அரைமணி நேரத்தில் ரஞ்சியிடமிருந்து செய்தி: "மாமா, புலிய எடுங்க."

எடுத்தேன். பூட்டனார் இப்போது வெறும் விவசாயி. அவர் ஆத்மா என்ன பாடுபடுகிறதோ.

சாயங்காலம் மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரி மாற்றினேன். கேஸ் தீர்ந்துவிட்டது.

ஜூன் 1, சனி

போன் விடிந்ததிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறது. மரத்தில் இருக்கும் யாருக்காவது பிறந்தநாள் என்றால் அந்தத் தளம் மரத்தில் இருக்கும் எல்லாருக்கும் தண்டோரா போடுமாம். எங்கள் வம்சத்தில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கொண்டுபோய் விடும்போது ஹெட்மாஸ்டர் "என்னைக்குப் பொறந்தான்?" என்று கேட்பார், எங்கள் ஆட்கள் "மாடு செத்த வருசம் ஐயா" என்பார்கள், அவர் தலையெழுத்தே என்று ஜூன் ஒன்று போட்டுவிடுவார். அந்த ஒரு மனிதர் பேனாவால் பெற்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை இன்றுதான் கண்டேன். சிங்கப்பூரில் ஒருவன், துபாயில் ஒருவன், திருப்பூரில் ஒரு தெருவே.

எனக்கும் இன்றுதான் பிறந்தநாள். எல்லாரும் எல்லாரையும் வாழ்த்தினோம். குடும்ப குரூப்பில் கேக் படங்களாக வந்து குவிந்தன. இறந்தவர்களுக்கு மட்டும் தண்டோரா இல்லை. அவர்கள் படம் சாம்பல் நிறத்தில் போய்விடுகிறது. உயிரோடிருப்பவர்கள் விவரத்தை அன்னியர் கண்ணுக்குக் காட்டாமல் பத்திரமாக மூடிவைக்கும் என்றும் போட்டிருக்கிறது.

சொர்ணம் கேசரி கிண்டினாள். "இதுவும் பொய்த் தேதிதான்" என்று சொல்லிக்கொண்டே கிண்டினாள்.

ஜூன் 5, புதன்

இன்று கம்ப்யூட்டருக்கும் எனக்கும் யுத்தம். சொர்ணம் என் அத்தை மகள். அவளை மனைவி என்று சேர்த்தால், "இவர் ஏற்கெனவே மரத்தில் இருக்கிறார், வேறு கிளையில்" என்கிறது. இருப்பாள் அப்பா, எங்கே போவாள். அடுத்து ரஞ்சி. அவள் கட்டியிருக்கும் மாறன் யார் என்றால் சொர்ணத்தின் அண்ணன் மகன். இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிப் பழகி, ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்ட பிறகு மாலையோடு வாசலில் வந்து நின்றன. சொந்தம்தானே என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அதைச் சேர்த்ததும் மறுபடியும் எச்சரிக்கை. மேலே போன கோடு கீழே வந்து, பக்கத்தில் புகுந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது. மரமாவது ஒன்றாவது. இது நிலக்கோட்டை மல்லிகைப் பந்தல்.

ரஞ்சி போனில் சிரித்தாள். "எனக்கு அத்தை ரெண்டு பக்கத்துலயும் அத்தைதான், மாமா. அந்த சைட்டுக்கு அது எப்படிப் புரியும்?"

பிறகு சொன்னாள், "உங்களுக்கும் அத்தைக்கும் கீழ ஒரு காலிக் கட்டம் வந்து நிக்குது மாமா. 'பிள்ளைகளைச் சேர்க்க'ன்னு. அத எப்படி எடுக்குறதுன்னு தெரியல."

"நிக்கட்டும். இடத்தையா அடைக்குது?" என்றேன்.

ஜூன் 6, வியாழன்

கொத்தமல்லி, சொர்ணத்தின் முட்டிக்குத் தைலம், பல்பு ஒன்று.

ஜூன் 12, புதன்

ரஞ்சி வந்திருந்தாள். மாறனுக்கு மதுரையில் ஒரு வேலை, இவளை இங்கே இறக்கிவிட்டுப் போனான். முகம் வெளுத்திருந்தது. "சரியா சாப்பிட மாட்டேங்குறா" என்று சொர்ணம் முருங்கைக்கீரையைக் குண்டான் நிறைய வதக்கினாள்.

சாப்பிட்ட பிறகு ரஞ்சி போனை என் முன்னால் வைத்தாள். "கதை சொல்லுங்க மாமா. ரெக்கார்டு பண்ணி வச்சுக்குறேன். அந்த நாப்பது டிரைவர் ராஜகுமாரி கதை."

"தொண்டை சரியில்லம்மா. பாலத்தை முழுங்குன பாம்புக் கதை வேணா சொல்றேன்."

"அது எனக்கே சொல்ல வரும். ராஜகுமாரி சொல்லுங்க. சின்னதுல அத எத்தன தடவ கேட்டிருப்பேன்."

நான் தண்ணீர் குடிக்க, அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டு ராஜாவுக்கு ஒரு மகள். அவள் உடம்பில் ரத்தம் ஊறாது. மாதம் ஒருமுறை ஒரு பஸ் டிரைவர் வந்து தன் ரத்தத்தை அவளுக்கு ஊற்றிவிட்டுப் போவார். கொடைக்கானல் டிரைவர் ரத்தம் ஏறிய மாதம் அவளுக்குத் தட்டாமாலை சுற்றினாலும் தலை சுற்றாது. பழனி வண்டிக்காரர் ரத்தம் ஏறினால் மொட்டை போடணும் என்று அடம். மெட்ராஸ் நைட் சர்வீஸ்காரர் ரத்தம் என்றால் விடிய விடியக் கொட்டக்கொட்ட விழித்திருப்பாள். ஊசி போட வரும்போது மட்டும் கேட்பாள், "இன்னைக்கு எந்த ரூட்டு?" நாற்பது டிரைவர் ரத்தமும் சேர்ந்தபோது அவள் ஒரு தும்மல் போட்டாள், ஹாரன் சத்தம் கேட்டது, பஸ் ஸ்டாண்டில் நின்ற அத்தனை வண்டியும் புறப்பட்டுப் போய்விட்டது.

"நீங்க சொன்னதுலயே பெரிய புளுகு அதுதான் மாமா" என்றாள்.

"அதுக்கு மேல ஒண்ணு இனிமே பிறந்து வரணும்" என்றேன்.

"அதோட முடிவு என்ன? ஒரு தடவகூட நீங்க சொன்னதே இல்ல."

சொர்ணம் கொடியில் துணி எடுக்கப் போனாள். அப்போதுதான் காயப்போட்ட துணி. எடுத்து மடித்து ஈரத்தோடு பீரோவில் வைத்திருக்கிறாள்.

ஜூன் 15, சனி

இன்று ஒரு விபத்து. மரத்தைத் துடைத்துச் சீர்செய்துகொண்டிருக்கையில் விரல் வழுக்கிக் காலிக் கட்டத்தில் பட்டுவிட்டது. பட்டதும் பெயர் என்ன என்றது. கேட்டால் சொல்லாமல் இருப்பது மரியாதை அல்ல. தமயந்தி என்று எழுதினேன். ஆணா பெண்ணா. பெண். பிறந்த தேதி. ஜூன் 23. எங்கள் வம்சத்தில் ஹெட்மாஸ்டர் கைபடாத தேதி இது ஒன்றுதான்.

அதன் கீழே இரண்டு வட்டம். உயிருடன் இருக்கிறார், காலமானார். முதல் வட்டத்தில் ஏற்கெனவே புள்ளி இருந்தது. அவர்களே வைத்திருக்கும் புள்ளியை நான் ஏன் மாற்ற வேண்டும். இருந்தபடி விட்டேன்.

பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கட்டம் எங்களுக்குக் கீழே வந்து உட்கார்ந்தது. நன்றாகத்தான் இருக்கிறது.

சொர்ணத்திடம் சொல்லவில்லை. இந்த வீட்டில் அந்தப் பெயரை எடுக்கக்கூடாது என்று அக்கா அந்தக் காலத்தில் போட்ட சட்டம். சொர்ணம் ஓர் ஆடி முழுக்க எழுந்திருக்காமல் படுத்துக் கிடந்ததைப் பார்த்துப் போட்டது. சட்டம் போட்டவள் போய்விட்டாள். சட்டம் இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

தண்டோராவை மறந்துபோனேன்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். குரூப்பில் சிங்கப்பூர்க்காரன் முதலில் போட்டான்: "ஹேப்பி பர்த்டே தமயந்தி அக்கா." துபாய்க்காரன் கேக் போட்டான். திருப்பூர்த் தெரு முழுக்கப் பூங்கொத்து. ஒரு சிறுசு, "யாரு இந்த அக்கா?" என்று கேட்டது. இன்னொன்று, "அழகுமலைத் தாத்தா மகளாம், சைட்டுல இருக்கு" என்றது. அவள் பெயருக்கு நேரே வாழ்த்துகள் ஏறிக்கொண்டே போயின. வாயில் பேஸ்ட் நுரையோடு எல்லாவற்றையும் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

ரஞ்சி கூப்பிட்டாள்.

"மாமா, உங்களுக்கு மக இருக்காங்களா? எனக்கு ஒரு மதினியா?"

என் வாயில் வார்த்தை வராமல் போன முதல் சந்தர்ப்பம் என்று சரித்திரம் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

அவளே மெல்லக் கேட்டாள். "லவ் மேரேஜா மாமா? வேற ஆளுகளா? அதான் வீட்டுல யாரும் பேரே எடுக்கலியா?"

நம் வீடுகளில் பெயர் எடுக்கப்படாத பெண் என்றால் ஓடிப்போன பெண் என்றுதான் அர்த்தம். வேறு அர்த்தம் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தோன்றும்? நான் "ம்" என்றேன். அந்த ஓர் எழுத்துதான் என்னுடையது.

"இப்ப எங்க இருக்காங்க?"

"நார்வே" என்றேன். அது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. "பனியில பஸ் ஓட்டுறா."

"நெசமாவா?"

"அங்க டிரைவருக்கெல்லாம் ராஜ மரியாதை. அவ வண்டிக்கு முன்னால ரெண்டு கரடி ஓடி வழிவிடும்."

"கரடிய எடுங்க மாமா" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே மூக்கை உறிஞ்சினாள். "இம்புட்டு வருசமா மனசுல வச்சுக்கிட்டு இருந்திருக்கீங்க. நான் அத்தைகிட்டப் பேசுறேன். சேத்து வைக்குறேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

ஜூன் 24, திங்கள்

பேசிவிட்டாள். பதினொரு மணிக்குச் சொர்ணத்தின் போன் அடித்தது. நான் கூடத்தில் இருந்தேன். ரஞ்சியின் குரல் வெளியே கேட்டது, சொல் தெரியவில்லை. சொர்ணம் கேட்டுக்கொண்டிருந்தாள். கையில் அரிவாள்மணையிலிருந்து எடுத்த பாதி வாழைக்காய். கடைசியில், "மன்னிச்சுட்டேன்டி. எனக்கு அவ மேல என்ன கோவம்" என்றாள். வைத்துவிட்டு வாழைக்காயை முழுதும் நறுக்கினாள். கறை படியாமல் தண்ணீரில் போட்டாள். நான் அடுப்படிக்குப் போனேன்.

"எங்க இருக்கான்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

"நார்வே."

"அது எங்க இருக்கு?"

"வடக்க. ரொம்ப வடக்க. ஒரே பனி."

வாணலியில் எண்ணெய் ஊற்றினாள். கடுகு வெடித்து அடங்கியது.

"அவளுக்குத்தான் குளிரு ஆகாதே" என்றாள். "ஸ்வெட்டரு வச்சிருக்காளா?"

இருக்கிறது என்றேன். ஆட்டுமயிர் ஸ்வெட்டர், நீலக் கலர், கழுத்து வரைக்கும் பொத்தான் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். மத்தியானம் ரசத்தில் உப்பு இல்லை. இரண்டு பேரும் சொல்லிக்கொள்ளாமல் சாப்பிட்டோம்.

ஜூன் 29, சனி

இந்த வீட்டில் இப்படி ஒரு வாரம் இருந்ததே இல்லை. காபி கொடுக்கும்போது சொர்ணம் கேட்கிறாள், "பனியில பஸ்சு வழுக்காதா?" சக்கரத்தில் சங்கிலி கட்டுவார்கள் என்கிறேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்கிறாள், "அங்க சோறு கெடைக்குமா?" அரிசி மதுரையிலிருந்து கப்பலில் போகிறது என்கிறேன். "முடி நீளமா வச்சிருக்காளா, வெட்டிட்டாளா?" அதற்குப் பதில் யோசிக்க வேண்டியிருந்தது. நீளம், ரெட்டைச்சடை என்றேன். "இந்த வயசுலயா" என்று சிரித்தாள். முப்பது வருஷத்தில் எங்கள் வீட்டில் கேட்காத சிரிப்பு.

குரூப்பில் போட்டோ கேட்கிறார்கள். பனி மூடிக் கேமரா வேலை செய்யவில்லை என்று போட்டிருக்கிறேன்.

கட்டிலுக்கு ஒரு கால் ஆடுகிறது. அட்டை மடித்து வைத்தேன்.

ஜூலை 4, வியாழன்

ரஞ்சி போன் செய்தாள். செக்கப்புக்குப் போய்விட்டு ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பேசினாள். ஆட்டோ சத்தம்.

"ரத்தம் கம்மியா இருக்காம் மாமா. பயப்பட ஒண்ணும் இல்ல. சொந்தத்துல கட்டியிருக்கோம்னு சொன்னதும் டாக்டரம்மா கேட்டாங்க, ரெண்டு பக்கமும் சின்னப் பிள்ளைங்க யாராச்சும் தவறியிருக்காங்களா, யாருக்காச்சும் ரத்தம் ஏத்துனாங்களான்னு. நான் நம்ம மரத்தையே தொறந்து காட்டிட்டேன். எல்லாரும் எம்பது, தொண்ணூறு. சின்னதுல போனவங்க ஒருத்தரும் இல்ல. எங்க மதினி நார்வேல பஸ் ஓட்டுறாங்கன்னு சொன்னேன். அவங்களுக்கே சிரிப்பு. இருந்தா எனக்கும் அவருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துரலாம்னு இருந்தாங்களாம். எடுக்குறதுன்னா இந்த மாசத்துக்குள்ள எடுக்கணுமாம். இல்லேங்குறதுனால சத்து மாத்திரை போதும்னு எழுதிட்டாங்க."

"சரிம்மா" என்றேன்.

"உங்க மரம் எம்புட்டுக்குப் பிரயோஜனமாயிருச்சு பாத்தீங்களா?"

"ஆமாம்மா."

அந்தக் காலத்தில் எங்கள் டாக்டர் சொன்னது நினைவிருக்கிறது. தாய் பக்கம் பாதி, தகப்பன் பக்கம் பாதி, இரண்டும் சேர்ந்தால்தான் இப்படி வரும் என்றார். இரண்டு பாதியும் எங்கே இருந்தன என்பதை நான் வரைந்த மரத்திலேயே விரல் வைத்துக் காட்டலாம். ரஞ்சி என் பக்கம். மாறன் சொர்ணத்தின் பக்கம்.

ஜூலை 5, வெள்ளி

ரேஷன் அரிசி இந்தத் தடவை நன்றாக இல்லை.

ஜூலை 6, சனி

காலையில் மொட்டை மாடிக்குப் போய் ரஞ்சிக்குப் போன் போட்டேன். பேருந்து நிலையமே அடங்கிக் கேட்ட குரல் இது. நேராகச் சொன்னேன். "ரஞ்சி, தமயந்தி இல்லம்மா. போயிட்டா."

"எங்க, பின்லாந்துக்கா? அது பக்கத்துலதான் இருக்கு. மேப்புல பாத்தேன்."

"வெளையாட்டு இல்ல. அவ ஆறு வயசுலயே..."

"மாமா." குரல் கண்டிப்பாகிவிட்டது. "அத்தை மன்னிச்சுட்டாங்க. இப்ப உங்களுக்கு ரோசமா? உயிரோட இருக்குற பிள்ளைய இப்படியா சொல்லுவீங்க? அன்னைக்குக் கரடி, இன்னைக்கு இது. போங்க, மொத மொத எனக்கு உங்க மேல கோவம் வருது."

வைத்துவிட்டாள். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. மாறனுக்குப் போட்டேன். "ரஞ்சி அழுவுறா மாமா, அப்புறம் பேசலாம்" என்றான்.

வாழ்நாளில் நான் சொன்ன அத்தனையையும் நம்பினார்கள். பாலத்தை விழுங்கிய பாம்பை நம்பினார்கள்.

கீழே வந்தேன். சொர்ணத்திடம் டாக்டர் கேட்டதைச் சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். பிறகு பீரோவைத் திறந்து வெளியூர் போக வைத்திருக்கும் சேலையை எடுத்தாள்.

"நீங்க சொன்னா நம்ப மாட்டா. நானும் வர்றேன்."

ஜூலை 7, ஞாயிறு

கோயம்புத்தூர் பஸ். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு. டிரைவர் புதுப்பையன், என்னை யாரென்று தெரியவில்லை. சொர்ணம் ஒட்டன்சத்திரம் வரைக்கும் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இவன மாதிரி ஒருத்தர் வருவாரே, வத்தலக்குண்டு வண்டி, வெத்தலை போடுவாரு" என்றாள். வருவார் என்றேன்.

ரஞ்சி கதவைத் திறந்தாள். என்னோடு பேசவில்லை. "வாங்கத்தை" என்று மட்டும் சொன்னாள். மாறன் நாற்காலி போட்டான். உட்கார்ந்ததும் நான் வாயைத் திறந்தேன்.

"அத்தை, இவர சும்மா இருக்கச் சொல்லுங்க" என்றாள் ரஞ்சி.

சொர்ணம் அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "டிரைவருக ரத்தம் குடுக்குற கதை சொல்லுவாருல்ல. அதுக்கு முடிவு கேட்டியே. கேளுடி. இப்பச் சொல்லுவாரு."

சொன்னேன். என் வாழ்க்கையிலேயே சின்னதாகச் சொன்ன கதை. அலங்காரம் ஒன்றும் வரவில்லை. ராஜா இல்லை, பஸ் ஸ்டாண்டு மட்டும் உண்டு. மாதம் ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரி. டிப்போவில் ஓ பாசிட்டிவ் யார் யார் என்று எனக்கு மனப்பாடம். டியூட்டி முடித்து காக்கிச் சட்டையோடு வந்து படுப்பார்கள், கொடுத்துவிட்டு டீ குடித்துவிட்டு வண்டி எடுக்கப் போவார்கள். பாட்டிலைத் தொங்கவிட்டதும் பிள்ளை பயப்படும் என்று நான் புளுக ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் நான் புளுகினவன் இல்லை. சொர்ணத்தைக் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

சொர்ணம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ரஞ்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை மெல்ல வயிற்றின் மேல் போய் உட்கார்ந்தது.

"முடிவு?" என்றாள்.

"கடைசித் தடவ அவ எந்த ரூட்டுன்னு கேக்கல" என்றேன். "நானாச் சொன்னேன். புது ரூட்டும்மா, இன்னும் டைம் போடலன்னேன்."

மாறன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். ரஞ்சி சொர்ணத்தின் மடியில் முகத்தை வைத்தாள். சொர்ணம் அவள் தலையைத் தடவிக்கொண்டே மாறனிடம் சொன்னாள், "நாளைக்கு ரெண்டு பேரும் போய் அந்த டெஸ்ட எடுங்கப்பா. டாக்டரம்மாகிட்ட தமயந்தி பேரச் சொல்லுங்க."

அவள் வாயால் அந்தப் பெயர். இத்தனை வருஷத்துக்குப் பிறகு. சட்டம் அத்தோடு ரத்து.

ஜூலை 11, வியாழன்

ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகுமாம். சொர்ணம் ஒன்றும் கேட்பதில்லை, நார்வேயைப் பற்றியும். காபி ஆறிப்போகிறது. வாசலில் யாருக்கோ தபால்காரர் மணி அடித்தால் இரண்டு பேரும் போனைப் பார்க்கிறோம்.

ஜூலை 17, புதன்

இன்று ஆடி பிறப்பு. பால் பொங்கும்போது மாறன் போன் செய்தான்.

ரஞ்சிக்கு ஒரு பாதி இருக்கிறதாம். மாறனுக்கு இல்லை. சுத்தமாக இல்லை. பிள்ளைக்கு அந்த நோய் வர வழியில்லை என்று டாக்டரம்மா எழுதியே கொடுத்திருக்கிறார். ரஞ்சியிடம் இருக்கும் பாதியால் அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லையாம், நானும் அதைச் சுமந்துகொண்டு எழுபது வருஷமாக நடந்துகொண்டிருப்பதைப்போல.

சொர்ணம் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பால் கொஞ்சம் வழிந்துபோயிருந்தது. யாரும் துடைக்கவில்லை.

"நமக்கும் அப்பவே யாராச்சும் கேட்டிருந்தா" என்றாள். முடிக்கவில்லை.

ஜூலை 18, வியாழன்

மரத்தைத் திறந்தேன். சொர்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான். பச்சைக் கட்டத்தில் விரலை வைத்தேன். இரண்டு வட்டம் வந்தது. விரல் இந்த முறையும் வழுக்கும் என்று காத்திருந்தேன். வழுக்கவில்லை.

"நான் தொடுறேன்" என்று சொர்ணம் அதைத் தொட்டாள். இரண்டாவது வட்டத்துக்குப் புள்ளி போனது. தேதி கேட்டது, இடம் கேட்டது, என்ன நோய் என்று கேட்டது. எல்லாவற்றையும் உள்ளபடி எழுதினேன். இனி இந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் எந்த டாக்டர் கேட்டாலும் திறந்து காட்டலாம். சின்னக் கட்டம் சாம்பல் நிறமாயிற்று. தொழில் என்ற இடம் மட்டும் காலி. சொர்ணம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பஸ் டிரைவருன்னே போடுங்க" என்றாள். போட்டேன்.

ரஞ்சி பார்த்துவிட்டாள் போலிருக்கிறது. எடுங்கள் என்று செய்தி வரவில்லை.

முதல் பக்கத்தில் சத்தியம் செய்திருக்கிறேன். கணக்குத் தீர்த்துவிடுகிறேன். என் இருமலுக்காக எந்தப் பஸ்ஸும் திரும்பி வந்ததில்லை. பூட்டனார் புலியைப் படத்தில்கூடப் பார்த்தவர் அல்ல. பாம்பு பாலத்தை விழுங்கவில்லை. நார்வேயில் கரடி ஓடுகிறதோ இல்லையோ, எங்கள் ஆள் அங்கே யாரும் இல்லை. டிரைவர்கள் நாற்பது பேரா என்று நான் எண்ணியது கிடையாது. அவள் தும்மலில் ஹாரன் கேட்டதில்லை, பூனைக்குட்டி தும்முவதைப் போலத்தான் இருக்கும்.

ஒன்றே ஒன்று, மிகச் சின்னது, அது மட்டும் நிஜம். ஊசி உள்ளே போகும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, அவள் கேட்பாள்: "அப்பா, இன்னைக்கு எந்த ரூட்டு?"